நாக்குப் பங்காளிகள்

கீழச்சுனை, நடுச்சுனை, மேலச்சுனை என்று மூன்று பேரூராட்சிகளாகக் கிடந்ததை ஒன்றாக்கி, முச்சுனை நகராட்சி என்று பெயர் சூட்டி, வாழைமரம் கட்டி, மேளம் கொட்டி, ரிப்பன் வெட்டிய நாளுக்கு மறுநாள் காலை பத்தே கால் மணிக்கு, பதிவேட்டுப் பிரிவு எழுத்தர் பூரணவல்லி வழக்கம்போல ஓர் ஏலக்காயை வாயில் போட்டுக் கடித்தாள். கடித்த அந்த நிமிஷம் ஒரு மலக்குழி அப்படியே அவள் நாக்கின் மேல் வந்து இறங்கியது.

அவள் வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை பல் விளக்குகிறவள், கல்யாண வீட்டில் கூடத் தன் டம்ளரைத் தானே கொண்டுபோகிறவள், கூடப்பிறந்த தங்கை கடித்துக் கொடுத்த கொய்யாக்காயைச் சின்ன வயதிலேயே வேண்டாமென்றவள். அப்படிப்பட்ட வாயில், முதலில் சாராயம் எரிந்துகொண்டு இறங்கியது, பிறகு ஒரு கொழகொழப்பு, பிறகு பல வீட்டுப் பல நாள் கழிவும் ஒன்றாகப் புளித்துப்போன ஒரு ருசி, பல்லிடுக்கெல்லாம் ஏறி, தொண்டைக்குழியில் உட்கார்ந்துகொண்டு, அரை மணி நேரம் நகரவே இல்லை. அவள் ஆபீஸ் குழாயடியில் நின்று கொப்பளித்தாள், கொப்பளித்தாள், ஒரு சோப்பைக் கடித்துக்கூடப் பார்த்தாள். சோப்பின் ருசிக்கு அடியில் அது அப்படியே இருந்தது.

காரணம் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. மூன்று ஊருக்கும் மூன்று பதிவேடு; மூன்றிலும் ஆட்களுக்கு ஒன்றிலிருந்து தொடங்கி எண் போட்டிருந்தார்கள். கீழச்சுனைக்காரர் எண்ணுக்கு முன்னால் 'கீ', நடுச்சுனைக்காரர் எண்ணுக்கு முன்னால் 'ந', மேலச்சுனைக்கு 'மே'. அந்த ஓர் எழுத்துத்தான் ஓர் ஆளை இன்னோர் ஆளிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. புதிய கம்ப்யூட்டரில் எண்ணுக்கான கட்டம் எழுத்தை ஏற்கவில்லை, இலக்கம் மட்டும்தான் ஏற்றது, விழாவுக்கோ இரண்டே நாள் இருந்தது. எழுத்தை எடுத்துவிடுங்கள் என்று ஆணையர் குலசேகரன் சொன்னார். ஒரே எண்ணில் மூன்று பேர் வருவார்கள் சார் என்று பூரணவல்லி இரண்டு முறை சொன்னாள், மூன்றாம் முறை எழுதியும் கொடுத்தாள். அவர் அந்தத் தாளின் மேல் டீ டம்ளரை வைத்தார். எழுத்து எடுக்கப்பட்டது. ஓர் எண் என்றால் ஓர் ஆள் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டது. விடிந்ததும் ஊராரின் நாக்குகளும் அப்படியே நினைத்துக்கொண்டன.

இதை முச்சுனை ஒரே வாரத்தில் பழகிக்கொண்டது. தன் எண்ணை வைத்திருக்கும் மற்ற இருவர் தின்பதெல்லாம் தன் வாயிலும் ருசிக்கிறது என்று தெரிந்ததும், முதல் நாள் ஜனங்கள் கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஓடினார்கள். இரண்டாம் நாள் டாக்டரிடம் போனார்கள். மூன்றாம் நாள் டீக்கடைப் பலகையில் எண்களை எழுதி வைத்து ஆளைத் தேடத் தொடங்கினார்கள். நான்காம் நாள் அதற்கு ஒரு பெயரும் வந்துவிட்டது: நாக்குப் பங்காளி. வெற்றிலை போடும் பங்காளி வாய்த்தவர்கள் காறி உமிழ்ந்துகொண்டே அலைந்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் மிட்டாய்க்கடைப் பங்காளியைக் கும்பிட்டு, மத்தியானம் ஒரு ஜிலேபி சாப்பிடுங்களேன் என்று கேட்டுக்கொண்டார்கள். வாழ்நாளெல்லாம் மீன் வாடையே படாத வீட்டுப் பெரியவர் ஒருவர், வாய்க்குள் வந்த நெத்திலிக் குழம்பைக் காறித் துப்பிவிட்டு, அடுத்த நாள் அந்த நேரத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தார் என்று அவர் வீட்டு வேலைக்காரி ஊர் முழுக்கச் சொன்னாள்.

வசதியுள்ளவர்கள் தங்கள் பங்காளிகளின் வீடு தேடிப் போனார்கள். கூழும் பழைய சோறும் நாக்கில் ஏறினால் யாருக்குத்தான் பொறுக்கும். தூக்குச்சட்டியில் நெய்ச்சோறும் கறியும் எடுத்துக்கொண்டு போய், அந்தக் குடிசையின் வாசலிலேயே நின்று, பங்காளி தின்று முடிக்கும்வரை கண்ணை மூடி ருசித்துவிட்டு, சட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். கொடுத்தவன் வாயும் தின்றவன் வாயும் ஒரே நேரத்தில் அசைவதைப் பூரணவல்லி பார்த்தாள். இதைப் பத்திரிகையில் அன்னதானம் என்று போட்டிருந்தார்கள்.

அவள் வீட்டிலேயும் அதே கதைதான். கணவர் அனந்தப்பன் வயிற்றுப் புண்காரர், எட்டு வருஷமாகத் தயிர்ச்சோற்றைத் தவிர வேறு அறியாதவர். அவருக்கு மேலச்சுனை பிரியாணி மாஸ்டர் ஒருத்தர் பங்காளியாக வாய்த்திருந்தார். காலை பதினோரு மணிக்கு மாஸ்டர் உப்புப் பார்க்கத் தொடங்கினால், இவர் சாய்வு நாற்காலியில் சரிந்து, கண் செருகி, உதட்டோரம் எச்சில் வழியக் கிடப்பார். அவள் தன் வாயில் வருவதைச் சொன்னபோது அவர் இரக்கப்படத்தான் செய்தார். கூடவே, எழுத்தை மறுபடியும் சேர்த்துவிடாதே என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவள் அந்த நாற்காலி இருந்த பக்கம் போவதில்லை.

பதிவேட்டில் அவள் எண் 2316. அதே எண்ணில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று, கீழச்சுனை பொம்முராஜ், வயது நாற்பத்தாறு, துப்புரவுப் பணியாளர். மற்றது, மேலச்சுனை ரஹ்மத்தின் மகள் நஸ்ரின், வயது எட்டு மாதம்.

அந்தக் குழந்தையின் வயதைப் பார்த்தபோதுதான், நடுநடுவே வாயில் வந்துபோன வெதுவெதுப்பான பால் எங்கிருந்து வந்தது என்று பூரணவல்லிக்குப் புரிந்தது. ஒரு வாரமாக அந்தப் பால் குறைந்துகொண்டே வந்திருந்தது என்பதும் புரிந்தது.

அடுத்த நாளே ரஹ்மத் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. தினமும் பத்து மணிக்குப் பிள்ளை வாந்தி எடுக்கிறது, அப்புறம் சாயங்காலம் வரை மார்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, எடை குறைந்துவிட்டது, டாக்டர் பங்காளியைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார், யாரந்தப் பங்காளி என்று தெரிந்தால் காலில் விழுந்து கேட்டுக்கொள்வேன் என்றாள். குழந்தையின் கை, அவித்த கிழங்கு மாதிரித் தோல் சுருங்கிக் கிடந்தது. பூரணவல்லி தானும் ஒரு பங்காளி என்பதைச் சொல்லவில்லை. இரண்டு நாளில் சரிசெய்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அவள் பொம்முராஜைத் தேடிப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கட்டணக் கழிப்பறையின் மலக்குழி வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். மனுஷனைக் குழிக்குள் இறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. உறிஞ்சி எடுக்கும் லாரியும் நகராட்சியிடம் இருக்கிறது. ஆனால் லாரி இரண்டு வருஷமாகப் பழுதாகி, ஆபீஸ் மதிலுக்குப் பின்னால் டயர் இறங்கி நிற்கிறது. இடுப்பில் கயிறு கட்டிய ஒருத்தர் கழுத்துவரை கறுப்பாக மேலே ஏறி வந்தார். அவர் வேலியோரம் போய்க் குளித்துவிட்டு வரும்வரை அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். பொத்தி என்ன பிரயோசனம், வாய்க்குள்தானே இருந்தது.

"நீங்கதானா அந்த ஏலக்காய்?" என்று அவரே கேட்டார்.

அவள் தலையசைத்தாள். அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். பத்தே காலுக்கு ஏலக்காய் வருவதை வைத்து ஆபீசில் வேலை பார்க்கிற யாரோ என்று யூகித்திருந்ததாகவும், அந்த வாசனை வந்தால் குழிக்குள் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருக்கும் என்றும் சொன்னார். குடிக்காமல் இறங்க முடியாது, இருபது வருஷமாக அப்படித்தான், ஆனால் நான்கு நாளாகச் சொட்டுக் குடிக்கவில்லை என்றார். ஏன் என்று அவள் கேட்டாள்.

"பால் வருதும்மா. மூணாவது ஆளு பச்சப்புள்ள. அது வாயில எப்படி நான் சாராயத்த ஊத்துறது?"

இப்போது இறங்குவதற்கு முன்னால் நாரத்தை இலையை மென்று கன்னத்தில் அடக்கிக்கொள்கிறாராம், கொஞ்சமாவது நாற்றம் மட்டுப்படட்டும் என்று. நான்கு நாளாக மலத்துக்கு முன்னால் வந்த கசப்பு அதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஊரில் எத்தனையோ பேர் தன் ருசிக்காக அடுத்தவன் வாயில் நெய்யை ஊற்றிக்கொண்டிருந்தபோது, முகம் தெரியாத இரண்டு பேருக்காக இலையை மென்றுகொண்டு குழிக்குள் இறங்கியவர் இவர் ஒருத்தர்தான். முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். நாற்றம் நேராக அடித்தது. இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டாள். நாளைக்கு வேறொருத்தனை இறக்குவார்கள், அவன் வாய்க்கும் ஒரு பிள்ளை இருக்கும் என்று சொல்லிவிட்டு, அவர் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

ஆணையர் வெளியூர்க்காரர். அவர் பெயர் பதிவேடுகள் சேர்ந்த பிறகு புதிதாக ஏறியது, அதனால் யாரோடும் மோதாத ஓர் எண் அவருக்கு வாய்த்திருந்தது. அவர் சாப்பிட்டதை அவர் மட்டும்தான் சாப்பிட்டார். பூரணவல்லி அவரிடம் வழியைச் சொன்னாள். எழுத்தை ஏற்காவிட்டால் போகட்டும், கீழச்சுனைக்காரர் எண்ணுக்கு முன்னால் ஒன்று, நடுச்சுனைக்கு இரண்டு, மேலச்சுனைக்கு மூன்று என்று ஓர் இலக்கம் சேர்த்தால் போதும், எந்த எண்ணும் இன்னோர் எண்ணோடு மோதாது, ஒரு முற்பகல் வேலை சார் என்றாள்.

அவர் முடியாது என்றார். புது அட்டையெல்லாம் அச்சாகி மந்திரி கையால் கொடுத்தாகிவிட்டது. எண் தப்பு என்று இப்போது சொன்னால் கேள்வி வரும். அதோடு, பல பேருக்கு இது பிடித்துத்தான் இருக்கிறது. புகார் கொடுத்தவர்கள் எல்லாம் ஒரே மாதிரிப் புகார்தான் கொடுத்திருக்கிறார்கள், மலம் வருகிறது என்று. அவர் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். நாற்பத்தொரு துப்புரவுப் பணியாளர்களின் பெயர்.

"இவங்களப் பதிவேட்டிலிருந்து எடுத்துருங்க. நாத்தம் போயிரும்."

"ஆளையே எடுக்கிறதா சார்?"

"கான்ட்ராக்ட் ஆளுங்கதானே. வெளியூர்லருந்து வந்து போறதா இருக்கட்டும்."

பதிவேட்டில் இல்லாத ஆளுக்கு ரேஷன் இல்லை, ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை. பதிவேட்டில் இல்லாத ஆள் குழிக்குள் செத்தால் முச்சுனையில் யாருமே சாகவில்லை என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும் என்பது, அவர் அந்தத் தாளை ஒரு விரலால் மட்டும் தள்ளிய விதத்தில் தெரிந்தது. இத்தனை நாளாக வாயில் வந்ததெல்லாம் அவளுக்கு அந்த நிமிஷம் பெரிய அசிங்கமாகப் படவில்லை. மேஜையோரம் இருந்த குப்பைக்கூடையில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் வாந்தி எடுத்தாள். வந்துவிட்டதா, பாவம் என்று சொல்லி அவர் ஜன்னலைத் திறந்தார்.

மறுநாள் காலை அவள் அந்தப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூரணவல்லி சொன்ன தேதிக்கு ரஹ்மத் குழந்தையோடு வந்து, வரிசையில் பெஞ்சில் காத்திருந்தாள். பத்தே காலுக்கு நாரத்தை இலை கசந்தது. பிறகு வழக்கமானது வந்தது. பிறகு, இதுவரை வராத ஒன்று, அழுகிய முட்டையைப் போல, கொஞ்சம் தித்திப்பாகக்கூட வந்தது. வந்து, திடீரென்று அறுந்தது. அவள் வாயில் ஒன்றுமே இல்லை. எச்சிலின் ருசிகூட இல்லாமல் நாக்கு ஒரு மரத்துண்டு மாதிரிக் கிடந்தது. பெஞ்சில் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தையும் அதே நொடியில் வாயைத் திறந்தபடி சிணுங்கலை நிறுத்தியது.

பூரணவல்லி எழுந்து ஓடினாள். அன்றைய வேலை எங்கே என்பது அவள் மேஜைக்கு வந்த தினப்பட்டியலில் இருந்தது: ஆபீசுக்கு எதிரேயே, நகராட்சிக் கல்யாண மண்டபத்தின் குழி. வேலை வாங்கும் மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பிப் போனில் பேசிக்கொண்டிருந்தான். கயிறு தொய்ந்து கிடந்தது. அவள் தன் இரண்டு கையாலும் அந்தக் கயிற்றைப் பிடித்தாள்; அதில் படிந்திருந்தது விரலிடுக்கில் வழிந்தது; டம்ளரைக்கூட ஊருக்குள் பகிர்ந்துகொள்ளாத அந்தப் பெண்பிள்ளை கால் சறுக்க இழுத்துக்கொண்டே கூப்பிட்டதைக் கேட்டு, பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து சேர்ந்து இழுத்தார்கள். பொம்முராஜ் வெளியே வந்தபோது மூச்சு இல்லை. பந்தல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், வாயில் வாய் வைக்க யாரும் குனியவில்லை. பூரணவல்லி குனிந்தாள். ஏழாவது ஊதலில் அவர் இருமினார். அவள் வாய்க்குள் ருசி திரும்பி வந்தது, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒன்றாக.

ஆம்புலன்ஸ் போன பிறகு அவள் முகம் கழுவாமல் ஆபீசுக்குள் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். யாரும் அவள் பக்கத்தில் வரவில்லை, அதுவும் வசதியாகத்தான் இருந்தது. கீழச்சுனைக்கு ஒன்று, நடுச்சுனைக்கு இரண்டு, மேலச்சுனைக்கு மூன்று. பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் பேரையும், நாற்பத்தொரு பேரையும் சேர்த்து, ஒருவர் விடாமல் பிரித்தாள். பகல் ஒரு மணிக்கு, பெஞ்சில் இருந்த நஸ்ரின் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்து, மூச்சு விடாமல் பால் குடித்தாள். பூரணவல்லியின் வாயில் அந்தப் பால் வரவில்லை. ஊர் முழுக்க நாக்குகள் தனித்தனியாயின. சிலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். தூக்குச்சட்டிகள் குடிசைப் பக்கம் போவது அன்றோடு நின்றது. அனந்தப்பன் தயிர்ச்சோற்றின் முன்னால் உட்கார்ந்து விம்மினார்.

ஒரே ஓர் எண்ணை மட்டும் அவள் மோத விட்டாள். அன்றன்றைக்குக் குழியில் இறங்கப்போகும் ஆளின் பெயர் தினப்பட்டியலில் காலையில் அவளிடம் வரும். அந்த ஆளின் எண்ணிலேயே, கீழே, இரண்டாவது பெயராக ஆணையர் குலசேகரனைச் சேர்த்தாள்.

முதல் நாள் அவர் வயிறு சரியில்லை என்று வீட்டுக்குப் போனார். இரண்டாம் நாள் கலெக்டர் கூட்டத்தில் எழுந்து ஓடினார். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் பட்டினி கிடந்து பார்த்தார். ஐந்தாம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டே நாளான பொம்முராஜை மேஸ்திரி மறுபடியும் கூப்பிட்டு அனுப்பியிருந்தான்; தினப்பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பத்தே காலுக்கு ஆணையர் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சஸ்பெண்ட் செய்வேன் என்றார், பிறகு கெஞ்சினார், பிறகு அவள் குப்பைக்கூடையைத் தேடிக் குனிந்தார். அவர் நிமிரும்வரை அவள் காத்திருந்தாள்.

"லாரி ஓடணும் சார்," என்றாள்.

இரண்டு வருஷம் கிடைக்காத உதிரிப் பாகம் இரண்டு மணி நேரத்தில் கிடைத்தது. மாலை நான்கு மணிக்கு லாரி மதிலைச் சுற்றிக்கொண்டு உறுமிப் போனதை ஊரே வேடிக்கை பார்த்தது. ஆணையர் மனசு மாறிவிட்டதாக யாராவது சொன்னால் பூரணவல்லி கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள். மாறியது வாய் மட்டும்தான். நாற்பத்தொரு பேருக்கும் லாரியிலும் தெருவிலும் வேலை போட்டு ஆணையரிடம் கையெழுத்து வாங்கினாள்; என்னைப் பிரித்துவிடுங்கள் என்று அவர் கேட்டபோது, அந்த எண்ணில் இருக்கும் மற்ற ஆளும் கேட்டால்தான் பிரிக்க முடியும் என்று சொல்லிவிட்டாள். கடைசியாகக் குழியில் இறங்கிய பொம்முராஜின் எண்ணில்தான் ஆணையர் பெயர் நின்றுபோயிருந்தது; பொம்முராஜ் எதற்குக் கேட்கப் போகிறார் என்று நினைத்தாள். ஆணையர் வீட்டில் தினமும் இரண்டு கூட்டு, ஒரு வறுவல், பாயசம்.

பத்தாம் நாள் பொம்முராஜ் வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தார்.

"அந்த ஐயாவ என்கிட்டருந்து பிரிச்சு விட்டுருங்கம்மா."

"ஏன் அண்ணே, நல்லாத்தானே சாப்பிடுறாரு?"

"என்னத்தத் தின்னாலும் பயந்துக்கிட்டே திங்காரு. எவனுக்குப் போன் பண்ணலாம், எவன மாட்டி விடலாம்னு நெனச்சுக்கிட்டே மெல்லுதாரு. எல்லாம் ஊசிப்போன மாதிரி இருக்கு. குழிக்குள்ள இருபது வருஷம் கெடந்தேன். இது எனக்குத் தாங்கல. எனக்கின்னு ஒரு நம்பர் போதும்."

பூரணவல்லி ஆணையரின் பெயரைப் பொம்முராஜின் எண்ணிலிருந்து எடுத்தாள். ஆணையர் மறுபடியும் தான் சாப்பிட்டதைத் தான் மட்டும் சாப்பிடப்போகிறார் என்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேட்டவர் கேட்டுவிட்டார். புது அட்டையை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்று, ஆறு என்று சத்தமாகப் படித்தார். இது வேற யாருக்கும் கிடையாதே என்று கேட்டார். கிடையாது என்றாள்.

அப்போது டீக்கடைக்காரர் வந்து இரண்டு டீ வைத்துவிட்டுப் போனார். பொம்முராஜ் ஒரு வாய் குடித்து, வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து, மெதுவாக விழுங்கினார்.

"சீனி பத்தல," என்றார்.